கிணற்றுக்கும் குழிக்கும் இடையே

எங்கள் வளவுக் கிணற்றை என் பாட்டனார் வெட்டுவித்த காலத்தில் அவ்வளவு ஆறு பரப்பாக இருந்தது. மலசலகூடம் பின்வேலியோரத்தில், கிணற்றிலிருந்து வெகு தொலைவில் நின்றது. பின்னர் பெண்மக்களின் சீதனத்துக்காக வளவு துண்டாடப்பட்டது. இன்று அதே ஆறு பரப்பில் நான்கு வீடுகள், நான்கு கிணறுகள், நான்கு மலக்குழிகள். எங்கள் கிணற்றடியிலிருந்து பக்கத்து வளவுக் குழிவரை ஒருநாள் நடந்து அளந்தேன். பதினெட்டுக் காலடிதான் இருந்தது.

அளக்கத் தூண்டியவள் என் மகள். மூன்று மாதக் குழந்தையான அவளுக்குப் புட்டிப்பால் கரைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த மருத்துவமாது கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி கூறினார். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை அந்நீரின் நைத்திரேற்று தாண்டியிருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை அது குறைத்துவிடும். அன்றிலிருந்து நாங்கள் குடிநீரை விலைக்கு வாங்குகிறோம். ஒழுங்கையின் கோடியில் வாழும் கூலித் தொழிலாளியின் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை உண்டு. அவர்கள் வாங்குவதில்லை.

யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணக்கல். மழைநீரைத் தன்னுள் தேக்கி நம்மை வாழவைக்கும் அக்கல்லே, தன் வெடிப்புகளின் வழியே கழிவையும் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. தோட்டங்களில் இடும் உரத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீடுகள் நெருங்கிய நகரத்தில் நம் குழிகளை மறந்துவிட முடியாது. நகருக்கென ஒரு பொதுக் கழிவுநீர்த் தொகுதி இல்லை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொடங்கிய நீர்வழங்கல் திட்டத்தின் முதல் வடிவில் அது இடம்பெற்றிருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்ல நீர் வருவது நன்றே. ஆயின் குழாயில் வரும் நீரும் பயன்பட்ட பின் அதே குழிக்குத்தானே போகும்?

இதுபற்றி எங்கள் வாசிகசாலையில் ஒருநாள் பேச்செழுந்தது. முதியவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்ரர், எங்கட குழி எங்கட வளவுக்குள்ளதானே கிடக்குது. அதுக்கேன் நாங்கள் கூடச் சோலைவரி கட்டவேணும்?" பலர் தலையசைத்தனர். வகுப்பறையில் சமத்துவம் பேசும் நான் அன்று வாய் திறக்கவில்லை. கூடப்போகும் வரியில் என்னுடையதும் ஒன்று என்ற எண்ணமே என் வாயைக் கட்டிற்று.

அந்த மௌனம் உறுத்தியதாலேயே இக்கேள்விக்கு முன்பு விடைகண்ட ஒரு நகரைத் தேடினேன். லண்டன் மாநகரமும் முதலில் நீரைப் பெருக்கிவிட்டுக் கழிவைப் பற்றிப் பின்னரே சிந்தித்தது. நீரூற்றும் மலசலகூடங்கள் பெருகின, குழிகள் வழிந்தன, கழிவு தேம்ஸ் நதிக்குத் திருப்பப்பட்டது. அந்நதியின் நீரையே மக்கள் குடித்தனர். வாந்திபேதி மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பொறியியலாளர் ஜோசப் பசல்கெற் தீட்டிய வடிகால் திட்டம், செலவையும் கழிவு விழும் இடத்தையும் பற்றிய வாதங்களில் சிக்கிக் கிடந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துள்ளேயே புகுந்தது. பதினெட்டே நாட்களில் சட்டம் நிறைவேறிற்று! ஏழையின் பிணம் அசைக்காத மன்றத்தைப் பிரபுக்களின் மூக்கு அசைத்துவிட்டது.

பணம் எங்கிருந்து வந்தது? முப்பது இலட்சம் பவுண் கடனாகப் பெறப்பட்டது. வீட்டின் மதிப்பில் பவுணுக்கு மூன்று பென்ஸ் வீதம் நாற்பது ஆண்டு வரி விதித்து அதை அடைப்பதென ஏற்பாடாயிற்று. பெரிய வீட்டுக்குப் பெரிய வரி. சிறிய வீட்டுக்குச் சிறிய வரி. பயன்பெறும் தலைமுறைகள் சுமையைப் பகிர்ந்துகொண்டன. இதில் நாம் கற்க வேண்டியது உண்டு.

கற்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1865இல் இளவரசர் விழாவெடுத்துத் தொகுதியைத் திறந்துவைத்தபோது, தொழிலாளர் செறிந்த கிழக்கு லண்டனின் வடிகால் வேலை முடிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு வாந்திபேதி திரும்பி வந்தது. அசுத்தமான நீர் வழங்கப்பட்ட அப்பகுதியில் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் வேறு பகுதிகள் பெரும்பாலும் தப்பின. திட்டம் யாருடைய தெருவை இறுதியில் அடைகிறதோ, அவர்களே அதற்கு மிகக் கூடிய விலை கொடுத்தவர்கள்.

வரி கட்டாவிட்டால் செலவு இல்லாமற் போவதில்லை. அது இடம் மாறுகிறது. குடிநீர் வாங்க இயலாத வீட்டின் மீது விழுகிறது. நம் குழிகளை வெறுங்கையால் துப்புரவு செய்யும்படி, சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக நாம் ஒதுக்கிவைத்த மக்களின் மீது விழுகிறது. அவர்கள் கட்டிவந்த வரிக்குப் பற்றுச்சீட்டு இல்லை.

முதியவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "ஐயா, வேலி நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது, நிலத்துக்குக் கீழே வேலி இல்லை. எங்கட குழி எங்கட வளவுக்குள்ள நிற்கிறதில்லை." அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்வேன். வீட்டின் மதிப்புக்கேற்ற வரி வேண்டும் என்பேன். முதற் குழாய் ஒழுங்கையின் கோடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். என் பங்கு எவ்வளவு என்றும் அவர்கள் கேட்கட்டும். அந்தக் கணக்கையும் கையோடு கொண்டு போவேன்.