யவனர் தேறல்

யவனர் கலங்களில் கொணர்ந்த நறுந்தேறலைப் பருகி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார். அது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தெடுத்த இருபிடிச் சாடிகளுள் இத்தாலி நாட்டவையும் உண்டு. அந்நாட்டு அரெட்சோ நகரின் பெயரால் வழங்கும் செங்கலங்களும் அங்கே கிடைத்தன.

பொன்முகலிக் கரையிலுள்ள எங்கள் நாயுடுபேட்டைக்கு நெல்லே வாழ்வு. கொடிமுந்திரி நாங்கள் கடையில் வாங்கும் பழம். பிளாரன்சில் பணிபுரியும் மகளைக் காணச் சென்றபோதுதான், அரெட்சோவுக்கு மேற்கே கியாந்திக் குன்றுகளில் ஒரு சிறு குடும்பத் தோட்டத்தைக் கண்டேன்.

அங்கே முதன்மைப் பழம் சாஞ்சோவேசே. 1872இல் ரிக்காசோலி என்னும் பெருநிலக்கிழார் அதனைத் தலைமையாக வைத்துக் கலவை முறை வகுத்தார். செந்நிறம் சாற்றினது அன்று, தோலினது. நசுக்கிய பழம் தோலோடு பல நாள் நொதிக்கின்றது. உலர்த்திய கொத்துகள் சிலவற்றைப் பின்னர்ச் சேர்த்து மீண்டும் பொங்கச் செய்வது பழைய முறை. பின் பெரிய மரப்பீப்பாயில் மண்டி அடியில் தங்க, மேலே தெளிகின்றது. தெளிந்தது என்னும் பொருளிலன்றோ நம் முன்னோர் தேறல் என்றனர்!

என் மனைவியார் கிண்ணத்தைத் தொடவில்லை. எங்கள் ஊர் அப்போது நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 1992இல் அம்மாவட்டத்துத் தூபகுண்டாவில் மூண்ட கிளர்ச்சியின்போது சாராயக் கடைமுன் அமர்ந்தவர் அவர். 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் தடைப்பட்ட நாளை இன்றும் பண்டிகைபோலச் சொல்வார்.

“இங்கே ஆண்கள் குடித்துவிட்டு அடிப்பதில்லையா, கேளம்மா” என்றார் மகளிடம்.

தோட்டத்து மூதாட்டியார் நகைத்திலர். “அத்தகையோரும் இருந்தனர். ஆனால் எங்கள் வீட்டில் நல்ல தேறல் எங்களுக்கென்று இருந்ததில்லை” என்றார். அவர் தந்தையார் வாரக்குடி. விளைவில் பாதி நிலக்கிழாருக்கு. மீதியில் நல்லது விற்பனைக்கு. பிழிந்த சக்கையில் நீர் ஊற்றி எடுத்த மெல்லிய கழுநீரே ரொட்டியோடு அவர்கள் அருந்தியது. புதிய வார ஒப்பந்தங்களை 1964இல் சட்டம் விலக்கியது. பலர் நகருக்குப் போயினர். இக்குடும்பம் கடன்பட்டு இந்நிலத்தை வாங்கிற்று.

வாரம் என்றதும் என் மனைவியார் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். விதை யார் கொடுத்தது? மாடு யாருடையது? களத்திலேயே பங்கிட்டார்களா? மகள் மொழிபெயர்த்துக் களைத்தாள்.

என் கிண்ணத்தை நான் வறிதாக்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். புளிப்பும் துவர்ப்புமாய், நாவற்பழம் தின்றாற்போல் நாவை இறுக்கிற்று. மனைவியாரின் கிண்ணம் மாலைவரை அப்படியே இருந்தது. மூதாட்டியார் அதனை எடுத்துப் பீப்பாயில் திரும்ப ஊற்றவில்லை. தம் இரவு உணவுக்கென்று மூடி வைத்தார்.