பழைய கணிப்பொறி

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகே ஒரு சிறு சந்தில் என் வீடு உள்ளது. அதன் மாடியறைக்கு வருவோர், மேசைமேல் இருக்கும் ஒரு பொறியைக் கண்டு வியப்பர். வெளிறிய மஞ்சள் நிறப் பெட்டி. அதில் கறுப்பு விசைகள். அவற்றுக்கு மேலே செந்நிற விசைகள் ஒரு வரிசை. “இது தட்டச்சுப் பொறியா?” என்று சிலர் வினவுவர். “கணிப்பொறி” என்பேன். “இவ்வளவு பழையதால் இக்காலத்தில் என்ன பயன்?” என்பர் அவர்கள். அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகின்றேன்.

பிரிட்டனின் ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி., பொதுமக்களுக்குக் கணிப்பொறிக் கல்வி புகட்ட முற்பட்டது. அதற்கெனக் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் ஒரு பொறியைச் செய்தளித்தது. அதன் பெயர் பி.பி.சி. மைக்ரோ. 1984-85இல் நம் மைய அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளில் இவ்வகைப் பொறிகளை வைத்தது. நான் படித்த பள்ளியும் அவற்றுள் ஒன்று.

வாரத்தில் அரைமணி நேரமே ஒவ்வொருவருக்கும் பொறி கிடைக்கும். ஆதலால் நிரலை முன்னரே தாளில் எழுதிக்கொண்டு வருமாறு எங்கள் ஆசிரியர் கட்டளையிட்டிருந்தார். என் தங்கைக்கு வாய்ப்பாடு பயிற்றுவதற்காக நான் ஒரு நிரல் எழுதினேன். அது பத்து வினாக்கள் கேட்கும். முடிவில் மதிப்பெண்ணைக் கூறும். ஆனால் பத்துக்கும் சரியான விடை தந்தாலும் அது ஒன்பது மதிப்பெண்ணே காட்டியது. “ஐயா, இந்தப் பொறி பிழை செய்கிறது” என்று முறையிட்டேன். ஆசிரியர் சிரித்தார். “பொறியைக் குறை கூறுமுன் உன் தாளைப் பார்” என்றார். அதற்குள் மணி அடித்தது. பின்னர்த் தேர்வு வந்தது. பள்ளி வாழ்வும் முடிந்தது. தாளை நான் பார்க்கவே இல்லை. நிரலைப் பதிந்துவைத்த ஒலிநாடா மட்டும் என் பெட்டியில் தங்கிவிட்டது.

முப்பது ஆண்டுகள் கடந்தன. கழித்துக்கட்டிய பொருள்களை ஒரு பள்ளியில் விற்பதாக அறிந்து சென்றேன். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, தூசி படிந்து, அதே வகைப் பொறி ஒன்று கிடந்தது. சிறு தொகை கொடுத்து வாங்கி வந்தேன். இழந்த செல்வத்தை மீளப் பெற்றவன்போல் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சியில் அறிவு மழுங்கியது. பெட்டியைத் திறந்து பாராமலே மின்சாரத்தைச் செலுத்தினேன். சில நிமிடங்களில் ‘பட்’ என்று ஓர் ஓசை! அறை முழுதும் புகை, தாங்கவொண்ணாத நாற்றம். கை நடுங்க மின்சாரத்தை நிறுத்தினேன். முப்பது ஆண்டுகள் உயிரோடிருந்த பொறியை ஒரே நொடியில் கொன்றுவிட்டேன் என்றே எண்ணினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள், எங்கள் தெருவில் வானொலி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றேன். அவர் பொறியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “தம்பி, நெடுநாள் உறங்கிய பொறியை எழுப்புமுன் திறந்து பார்த்திருக்க வேண்டாவா?” என்றார். மின்வழங்கிப் பெட்டிக்குள் வெடித்துக் கிடந்த ஒரு சிறு உறுப்பைக் காட்டினார். அது மின்தேக்கி, கடைத்தெருவில் அதனைக் ‘கண்டன்சர்’ என்பர். அதனுள்ளே இருப்பது தாள். ஆண்டுகள் செல்லச் செல்ல மேலுறை விரிசல் விடும். அவ்விரிசல் வழியே காற்றின் ஈரம் உட்புகும். கடற்காற்று வீசும் நம் நகரில் ஈரத்துக்குக் குறைவேது? ஈரமுற்ற தாள் மின்சாரத்தைத் தாங்காது வெடித்துவிட்டது. “ஏனைய உறுப்புகளுக்கு ஊறு ஒன்றும் இல்லை, அஞ்ச வேண்டா” என்றார் அவர். அச்சொல் என் செவியில் தேனாகப் பாய்ந்தது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வழியே நடந்து, அண்ணா சாலையைக் கடந்து, ரிச்சி தெருவை அடைந்தேன். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற தெரு அது. முதியவர் குறித்துக் கொடுத்த அளவிலேயே புதிய மின்தேக்கி ஒன்றை வாங்கி வந்தேன். அவர் பழையதை நீக்கிப் புதியதைப் பற்றவைத்தார். பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றோடு பொறியை இணைத்தோம். முதலில் ஒரு தாழ்ந்த ஒலி. அடுத்து ஓர் உயர்ந்த ஒலி. திரையில் ‘பி.பி.சி. கம்ப்யூட்டர்’ என்னும் எழுத்துகள் தோன்றின. முதியவர் முகத்திலும் சிறுவனுடைய மகிழ்ச்சி.

அன்று மாலையே பழைய ஒலிநாடாவைத் தேடி எடுத்தேன். அதில் எண்கள் ஒலியாகவே பதிந்திருக்கும்; தாழ்ந்த ஒலி சுழியம், உயர்ந்த ஒலி ஒன்று. நாடா சுழன்றது, நிரல் திரையில் வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பத்தாம் வினாவின் மதிப்பெண்ணைக் கூட்டுமுன்பே மொத்தத்தை அறிவிக்குமாறு நான் எழுதியிருந்தேன்! பிழை என்னுடையதே. நான் பழி சுமத்திய பொறி, தான் ஏவப்பட்டதையே அன்றும் இன்றும் செய்தது. ஆசிரியர் சொல்லை மெய்யென்று உணர எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். பத்துக்குப் பத்து வந்தது.

இப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட்டே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதனுள் அடங்காது. ஆயினும் இச்சிறுமையே இதன் பெருமை. ஒரு மனிதன் இதன் உறுப்புகள் அனைத்தையும் அறிந்துகொள்ள இயலும். மேலும், சிறிய பொறியிலிருந்து பெரியது பிறந்ததும் உண்டு. இதனை வடிவமைத்தோருள் ஸோபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர், 1985இல் ஏ.ஆர்.எம். என்னும் செயலியை ஆக்கினர். அதன் இயக்கத்தை முன்கூட்டியே ஆராய வில்சன் எழுதிய நிரல் ஓடியது இந்தப் பி.பி.சி. மைக்ரோவில்தான். இன்றைய கைப்பேசிகளுள் பெரும்பாலானவை அச்செயலியின் வழிவந்தவற்றால் இயங்குகின்றன.

மாணவர்களே! உங்களுக்கும் இவ்வார்வம் எழுமாயின், முதற்கண் பொருள் செலவிட வேண்டா. பழம்பொறிபோல் நடந்துகொள்ளும் ‘எமுலேட்டர்’ நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பேசிக் மொழியைப் பயிலுங்கள். பின்னர் உண்மைப் பொறி கிடைத்தால், உடனே மின்சாரம் செலுத்தாதீர்கள். மின்வழங்கிப் பெட்டியை நீங்களாகத் திறக்கவும் வேண்டா. இணைப்பை நீக்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். அறிந்த பெரியவரிடம் காட்டுங்கள். பொறுமையோடு பாருங்கள், பார்த்தபின் தொடுங்கள். பிழை நேர்ந்தால் முதலில் உங்கள் தாளைப் பாருங்கள்.