ரிமோட் வேலை செய்யாத நாள்

"மிஸ், ரிமோட் வேலை செய்யுதில்லை. நான்தான் உடைச்சுப் போட்டனாம். நோனா என்ர சம்பளத்தில வெட்டப் போறாவாம்."

சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கு நாட்கள் இருக்கையில் ஒரு காலைப்பொழுதில் வந்த தொலைபேசி அழைப்பு இது. பேசியவரின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. அக்கா என்றே சொல்கிறேன். நான் அவரை அழைப்பதும் அப்படித்தான்.

அக்காவின் பெற்றோர் மாத்தளையில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் உயிர் தப்பினால் போதும் என்று கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அக்கா பிறந்ததும், படித்ததும், மணம் முடித்ததும் அங்கேதான். 2009இல் கணவரை இழந்தார். கைக்குழந்தையோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, பெரியம்மாவைத் தேடி மாத்தளைக்கு வந்தார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி நாவுல ஊடாகத்தான் செல்கிறது. பெற்றோர் ஓடிப்போன அதே வீதியில் மகள் திரும்பி வந்தார்.

இப்போது அவர் நாவுலவில் ஒரு விடுமுறை வீட்டைப் பராமரிக்கிறார். உரிமையாளர் கொழும்பில் இருக்கிறார். சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் போகிறவர்கள் இரண்டொரு நாள் தங்கிப் போவார்கள். வீட்டின் பின்னால் ஒரு நீச்சல் தடாகம். பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம். கணக்குப் பார்த்தால் 75,000 லீற்றர் தண்ணீர். முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்ணின் பொறுப்பில் இன்று இவ்வளவு தண்ணீர். இதைச் சொல்லி அக்கா சில வேளை சிரிப்பார், சில வேளை சிரிக்க மாட்டார்.

தடாகத்து நீர் குளத்து நீரைப் போலத் தானாகத் தெளிந்திருக்காது. பம்பி அதை இழுத்து, மணல் வடிகட்டி ஊடாக அனுப்பி, மீண்டும் தடாகத்தில் விட வேண்டும். நாளுக்குப் பல மணித்தியாலம் இது நடக்க வேண்டும். குளோரினும் சேர வேண்டும். இந்தச் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாட்கள் பம்பி ஓடாவிட்டால் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

பம்பி அறை தோட்டத்தின் மூலையில் இருக்கிறது. குசினியிலிருந்து சுமார் இருபத்தைந்து மீற்றர் தூரம். அதனால் ஒரு ரிமோட் பூட்டியிருந்தார்கள். பம்பிக்கு ஒரு பொத்தான், விளக்குக்கு ஒன்று, சிறு நீர்வீழ்ச்சிக்கு ஒன்று. அதுதான் இரண்டு நாட்களாக வேலை செய்யவில்லை. தடாகத்தின் ஓரங்கள் வழுக்கத் தொடங்கிவிட்டன. மறுநாள் விருந்தினர் வருகிறார்கள். தம்புள்ளையிலிருந்து வரும் திருத்துநரோ புத்தாண்டு முடியும்வரை வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

நான் புறப்பட்டுப் போனேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பேராதனையில் சமூகவியல் படித்தவள் நான். ஆண் வேலை, பெண் வேலை என்று சமூகம் எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் வீட்டில் மின்குமிழ் எரியாவிட்டால் தம்பியைத்தான் கூப்பிடுவேன். அன்று அந்த ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கூட வந்த செயல்முறைத் தாளில் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

மாத்தளையில் ஐம்பது வருடமாக ரேடியோ திருத்தும் ஐயா ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "பிள்ளை, டிவி ரிமோட்டா, ரேடியோ ரிமோட்டா?" என்று. வித்தியாசத்தையும் அவரே சொன்னார். டிவி ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புகிறது. குறுக்கே சுவர் இருந்தால் ஒளி போகாது. தடாகம், கேற், கிணற்று மோட்டர் ஆகியவற்றின் ரிமோட்டுகள் ரேடியோ அலையை அனுப்புகின்றன. அது செங்கல் சுவரையும் மரக்கதவையும் ஊடுருவிப் போகும்.

இது புதிய வித்தையும் அல்ல. 1898இல் நியூயோர்க்கில் நிக்கொலா தெஸ்லா என்ற விஞ்ஞானி தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிறு படகை விட்டு, தொடாமலே ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் நம்பவில்லை. படகுக்குள் பழக்கிய குரங்கு ஒளிந்திருக்கிறது என்று சிலர் சொன்னார்களாம்.

பிறகு ஐயா முறையைச் சொன்னார். "எல்லாத்தையும் ஒரே நேரத்தில போட்டுக் குழப்ப வேண்டாம். கையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போங்க. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்க."

முதலில் பற்றரி. பொத்தானை அழுத்தும்போது ரிமோட்டில் சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தாலும் நம்பக் கூடாது என்றார் ஐயா. பற்றரி தளர்ந்தால் விளக்கு எரியும், ஆனால் அலை தூரம் போகாது. அக்கா பற்றரி படும் தகடுகளில் இருந்த பச்சைக் களிம்பை மகளின் அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தார். நாவுல டவுனில் அதே இலக்கமுள்ள புதிய பற்றரி வாங்கிப் போட்டோம். பம்பி ஓடவில்லை.

இரண்டாவது மின்சாரம். பம்பி அறைக்குப் போனோம். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் போகக் கூடாது, எந்த மூடியையும் கழற்றக் கூடாது, உள்ளே இருப்பது 230 வோல்ற்று என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ட்ரிப் சுவிச் விழவில்லை. விழுந்திருந்தால் ஒரு தடவை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். மீண்டும் விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். அப்போது கைவைக்காமல் மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். ரிமோட்டின் கட்டளையைக் கேட்கும் பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர். அதிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பம்பி. ரிசீவருக்குப் பக்கத்தில், கையால் பம்பியைப் போடும் சுவிச் ஒன்று இருந்தது. அக்கா அதைப் போட்டதும் பம்பி ஓடத் தொடங்கியது. "அப்ப பம்பி பழுதில்லை, மிஸ்!" என்றார் அக்கா. இரண்டு நாட்களில் அன்றுதான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கண்டேன். கையால் போட்டும் ஓடாதிருந்தால், ரிமோட்டில் குற்றமில்லை, பம்பியிலோ மின்சாரத்திலோதான் கோளாறு என்று அறிந்திருப்போம்.

நான்காவது தூரம். பம்பியை நிறுத்திவிட்டு, ரிசீவருக்கு எதிரிலே நின்று அக்கா ரிமோட்டை அழுத்தினார். ஓடியது! வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. கதவைத் திறந்து அழுத்தினார். நின்றது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தார். மூன்று தடவையும் அதே முடிவுதான்.

அப்போதுதான் அக்கா அந்தக் கதவைக் கவனித்தார். குரங்குகள் பழைய பலகைக் கதவை உடைத்து உள்ளே புகுந்து குழாய்களை இழுத்துப் போட்டதால், முந்திய வாரம்தான் நான்கு பக்கமும் தகரம் அடித்துத் தகரக் கதவும் போட்டிருந்தார்கள். ரிசீவரிலிருந்து தொங்க வேண்டிய ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான வயரையும் யாரோ சுருட்டித் தகரத்துக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். அந்த வயர்தான் அன்ரனா, ரிசீவரின் காது. ரேடியோ அலை மரத்தை ஊடுருவும், உலோகத்தை ஊடுருவாது. அக்கா எதையும் உடைக்கவில்லை. அறைக்குத் தகரச் சட்டை போட்டதுதான் காரணம்.

ஐயாவிடம் சொன்னேன். "நியூயோர்க்கில குரங்கில குற்றமில்லை, நாவுலவில குரங்குதான் குற்றவாளி" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மிஸ், இந்த வேலைக்கு வந்த புதிசில நான் இதைக் கையால தொடேல்லை. எங்கட பக்கம் இருந்த ஆக்களுக்கு ரிமோட் எண்டால் கிளைமோர்தான் ஞாபகம் வரும். எங்கேயோ நிண்டு ஒருத்தன் அமத்துவான். இங்க ஆர் வாறது எண்டு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அமத்துவான். அதனால நான் இப்பவும் தடாகத்தடிக்குப் போய் ஆரும் இருக்கினமோ எண்டு பாத்திட்டுத்தான் அமத்துறனான். ரிமோட் இருக்க ஏன் நடந்து திரியுறாய் எண்டு நோனா ஏசுவா."

எனக்குப் பேச்சு வரவில்லை. அக்கா சொன்னதை ஐயாவிடம் சொன்னபோது அவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை செய்வதுதான் சரி. அதைத்தான் நாங்கள் தொழிலில் படிக்கிறோம்" என்றார். தடாகத்தின் உறிஞ்சும் வாயில் நீண்ட தலைமுடி சிக்கிக் குழந்தைகள் மூழ்கிய சம்பவங்கள் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. வடிகட்டியின் கைபிடியை ஒருவர் திருப்பிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தூரத்திலிருந்து பம்பியைப் போட்டால் ஆபத்து. ஆகவே பம்பி அறையில் கைவைக்கும் முன் பிரதான சுவிச்சை நிறுத்த வேண்டும். ரிமோட்டையும் நம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்று பின்னேரம் அக்கா நோனாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அழவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கதவைச் சாத்தினால் வேலை செய்யாது, திறந்தால் வேலை செய்யும், பற்றரி புதிது, பம்பி நல்லது" என்று நான்கு வசனம் சொன்னார். மகள் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் அனுப்பினார். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, கதவைத் திறந்து வைத்து ஓட்டு" என்று பதில் வந்தது. மன்னிப்பு வரவில்லை, ஆனால் சம்பளமும் வெட்டப்படவில்லை. புத்தாண்டு முடிந்து வந்த திருத்துநர் ரிசீவரைத் தகரத்துக்கு வெளியே, மழை படாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் மாற்றிப் பூட்டினார். இப்போது குசினியிலிருந்தே வேலை செய்கிறது. அக்கா மட்டும் இன்னும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறார்.

சகோதரிகளே, உங்களில் அநேகருடைய வீட்டில் நீச்சல் தடாகம் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனால் கிணற்று மோட்டர் இருக்கும், மாவரைக்கும் இயந்திரம் இருக்கும், மின்விசிறி இருக்கும். அவை நின்றுபோனால் "இதெல்லாம் அவர்தான் பார்ப்பார்" என்று சொல்லிக்கொள்ள அவர் இன்று இல்லை. கூப்பிட்டு வரும் ஆண் சொல்லும் விலையைக் கொடுக்கிறோம், சில வேளை அவன் பார்க்கும் பார்வையையும் பொறுத்துக்கொள்கிறோம். திருத்துவது எல்லோராலும் முடியாது, மின்சாரத்தோடு விளையாடவும் கூடாது. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுவது நம்மால் முடியும். பற்றரி, மின்சாரம், இயந்திரம், தூரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திருத்துபவர் வரும்போது கொப்பியைக் காட்டுங்கள். நம்மை ஏமாற்றுவதும் கடினம், நம்மேல் பழி போடுவதும் கடினம்.

அக்காவின் கொப்பியில் இப்போது பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. என்னுடையதில் இரண்டு. போன மாதம் எங்கள் வீட்டில் மின்குமிழ் எரியவில்லை. நான் தம்பியைக் கூப்பிடவில்லை.