எங்கள் முகவரி

நாங்கள் கண்ணகி நகர் மாணவிகள். இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பலருடைய முகம் மாறுவதை நாங்கள் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம்.

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, துரைப்பாக்கத்தில் உள்ளது எங்கள் ஊர். 2000-ஆம் ஆண்டு முதல், ஆற்றங்கரைகளிலும் பிற குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்த மக்களை அகற்றி இங்கே குடியமர்த்தினார்கள். இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. எங்கள் பெற்றோர் விரும்பி வந்தவர்கள் அல்லர். அம்மா வீட்டு வேலை செய்த தெருவும், அப்பா மூட்டை தூக்கிய கடைவீதியும் வெகு தூரத்தில் நின்றுவிட்டன. பலருக்கு வேலை போயிற்று. மற்றவர்களுக்குப் பஸ் செலவு கூடிற்று.

பிழைப்புக் கெட்ட இடத்தில் சில குற்றங்களும் நடந்தன. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் சிலர் செய்த குற்றத்திற்கு ஊரே குற்றவாளி ஆகிவிட்டது.

வேலைக்கு மனுப் போடும் அண்ணன்மாரும் அக்காமாரும் முகவரியில் "துரைப்பாக்கம்" என்று மட்டும் எழுதுகிறார்கள். உண்மை தெரிந்தால், "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதிலே கிடைக்கிறது. வேலை கிடைக்காதவர் தெருமுனையில் நின்றால், "பார்த்தீர்களா, கண்ணகி நகர்ப் பையன்!" என்கிறார்கள். கெட்ட பெயர் முதலில் வேலையைத் தடுக்கிறது. பிறகு வேலையில்லாமல் இருப்பதையே தனக்குச் சாட்சியாகக் காட்டுகிறது! எங்கள் வீட்டுக்கு வர ஆசைப்படும் தோழியையும் அவள் அம்மா அனுப்புவதில்லை. அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. காதில் விழுந்ததை அவர்கள் நம்புகிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பெயர் தந்த கண்ணகி யார்? சரியாக விசாரிக்காமல் கணவனுக்குத் தண்டனை அளித்த மன்னனிடம் நீதி கேட்டவள். அவள் பெயர் கொண்ட ஊருக்கும் விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கலாமா?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. பெண்கள் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத் தலைவி கார்த்திகா எங்கள் ஊர்ப் பெண். "கண்ணகி நகர் கார்த்திகா" என்று நாடே அவரை அழைத்தது. நாங்கள் மறைத்து வந்த பெயரை அவர் தலை நிமிர்ந்து சொன்னார். அன்று எங்கள் தெருக்களில் வெடித்த பட்டாசுச் சத்தம் இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது.

ஆனால், தோழியரே, மதிப்புப் பெற எல்லோரும் தங்கப் பதக்கம் வாங்க வேண்டுமா? பதக்கம் வாங்காத எங்கள் அம்மாவும் விடியுமுன் எழுந்து நேர்மையாக உழைக்கிறார்.

எங்கள் முகவரியைக் கேளுங்கள். அத்துடன் நின்றுவிடாமல், எங்கள் பெயரையும் படிப்பையும் கேளுங்கள். பெற்றோரே, ஒரு நாள் உங்கள் மகளுடன் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வீடு சிறியதுதான்; ஐந்து பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஆனாலும் உங்களுக்கு இடம் உண்டு. சூடாகத் தேநீரும் உண்டு.