பின் சீட்டில் யார் உட்காருவது?

ஹெப்பகோடி,
ஞாயிறு காலை.

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய மஸ்டாங் கார் படங்களை உன் மாமா அடுக்ககம் முழுக்கக் காட்டி முடித்துவிட்டார். சிவப்பு நிறம், 2017 மாடல், கோவையிலேயே இருக்கிறது, விலையும் படிந்துவிடும் போலிருக்கிறது. சந்தோஷம். உன் சம்பாத்தியம், உன் ஆசை. அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் "நாலு சீட்டு இருக்குதே அக்கா, குழந்தைங்களுக்கு அது போதாதா?" என்று கேட்டிருந்தாயே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இந்த மாதிரி வண்டிகளை "2+2" என்பார்கள். முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் இருவரை உட்கார வைக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 2001இல் பொம்மசந்திராவிலிருந்து ரேவா என்ற மின்சாரக் கார் வந்ததே, நினைவிருக்கிறதா? நீளம் இரண்டேமுக்கால் மீட்டர்கூட இல்லை. இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்று கம்பெனியே சொல்லித்தான் விற்றது. லண்டனில் "ஜி-விஸ்" என்ற பெயரில் ஓடியதும் அதுதான். எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார். முதலில் குழந்தைகள் ஏறினார்கள். பிறகு பள்ளிப் பைகள் ஏறின. கடைசியில் காய்கறி மட்டும்தான். 2009இல் பிராங்பர்ட் கண்காட்சிக்கு அதே கம்பெனி இரண்டு புதிய வடிவங்களைக் கொண்டுபோனது. குடும்பத்துக்கான என்எக்ஸ்ஆருக்கு நாலு சீட்டு. திலீப் சாப்ரியா வடிவமைத்த என்எக்ஸ்ஜி ஸ்போர்ட்ஸ் ரகம். அதற்கு இரண்டே சீட்டு, பின் சீட்டு என்ற பேச்சே இல்லை. அதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

மஸ்டாங்கில் அந்த நேர்மை கிடையாது. பின்னால் கிண்ணம் போலக் குழிந்த இரண்டு இருக்கைகள், நடுவில் மேடு, இரு பக்கமும் சக்கரத்துக்கான புடைப்பு. பின்கண்ணாடி சரிந்து வந்து உட்காருபவர் உச்சந்தலைக்கு மேலேயே முடியும். கோவை வெயில் நேராகத் தலையில் இறங்கும். பின்பக்கச் சன்னலைத் திறக்கவும் முடியாது.

இப்போது உன் வீட்டுக் கணக்குக்கு வா. சின்னவனுக்கு எட்டு மாதம். அவனுடைய சீட்டு பின்பக்கம் பார்த்து மாட்டுவது. ஐரோப்பாவில் இப்போதைய விதிப்படி 15 மாதம் வரையாவது அப்படித்தான் மாட்ட வேண்டும். எல்லாக் குழந்தை சீட்டுகளிலும் அதிக இடத்தை அடைப்பது அதுதான். அதை மாட்டினால் முன் சீட்டைத் தள்ளித் தள்ளி, அதில் உட்காரும் உன் மனைவி கவிதாவின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். சரி, அதை முன் சீட்டிலேயே வைத்துவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. எதிரே ஏர்பேக் இருக்கிறது. அது விரிந்தால் அடி நேராகக் குழந்தையின் சீட்டுக்குத்தான். பெரியவளுக்கு ஏழு வயது. நாலரை அடி உயரம் வரும்வரை அவளுக்கு பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் வைத்தால் தலை கண்ணாடியைத் தொடும். உன் உயரத்துக்கு நீ சீட்டைப் பின்னால் இழுத்தால், உனக்குப் பின்னே அவள் காலை எங்கே வைப்பாள்?

இடம் மட்டும்தான் குறை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2017 ஜனவரியில் யூரோ என்கேப் மோதல் சோதனையில் இந்த மஸ்டாங்குக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது. குழந்தைப் பாதுகாப்புக்கு 32 சதவீதம். பின் சீட்டு பெல்ட்டில், மோதும் நொடியில் இழுத்துப் பிடிக்கும் அமைப்பு இல்லை. அதனால் பின்னால் இருந்த சோதனைப் பொம்மை இடுப்புப் பெல்ட்டுக்கு அடியில் சறுக்கியது. பக்கவாட்டு மோதலில் பத்து வயதுப் பிள்ளையின் அளவில் செய்த பொம்மையின் தலை, திரை ஏர்பேக்கையும் மீறி உள்பக்கச் சுவரில் இடித்தது. பிறகு மாற்றங்கள் செய்து மூன்று நட்சத்திரம் வாங்கினார்கள். நீ பார்த்து வைத்திருப்பது மாற்றத்துக்கு முந்தைய வண்டி.

நம் ஊரில் பைக் டேங்க் மீது குழந்தையை உட்கார வைத்து ஓசூர் ரோட்டில் பறக்கிறார்களே, அதைவிட இது மோசமா என்று நீ கேட்பாய், தெரியும். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பைக்கிலும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும் என்று 2022இல் விதி போட்டுவிட்டார்கள். காரில் 14 வயதுக்கு உட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம், மோட்டார் வாகனச் சட்டம் 194பி. அபராதத்துக்குப் பயப்படுகிறவன் இல்லை நீ. ஆனால் கவிதா தினமும் முன் சீட்டை மடக்கி, குனிந்து, எட்டு மாதக் குழந்தையை உள்ளே செலுத்தி, கொக்கி மாட்டி நிமிர வேண்டும். அதுவும் பக்கத்துக்கு ஒரே நீளக் கதவு. உங்கள் பார்க்கிங்கில் தூண் பக்கம் நிறுத்தினால் பாதிதான் திறக்கும். அவள் முதுகு என்ன ஆவது? சேலம், கிருஷ்ணகிரி வழியாக எங்கள் வீட்டுக்கு வர ஆறு மணி நேரம். சன்னல் திறக்காத அந்தக் குழிக்குள் பெரியவள் தருமபுரிக்குள் வாந்தி எடுப்பாள்.

என் தீர்ப்பு இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீ தனியாகவோ கவிதாவோடோ ஓட்ட மஸ்டாங் வாங்குகிறாயா, வாங்கு. இப்போதிருக்கும் குடும்ப வண்டியை விற்காதே. ஒரே வண்டி என்றால் மஸ்டாங் வேண்டாம். சின்னவனுக்கு நாலு வயதாகும்போது வேண்டுமானால் மறுபடி பேசலாம். அப்போதும் பெரியவளுக்கு இடம் இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்று செய். இரண்டு குழந்தை சீட்டுகளையும் தூக்கிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் கவிதாவையும் கூட்டிக்கொண்டு அந்த வண்டி இருக்கும் இடத்துக்குப் போ. நீ ஓட்டும் நிலையில் உன் சீட்டை வைத்துக்கொள். எல்லோரையும் ஏற்றி, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் ஓட்டிப் பார். இறங்கியதும் எனக்கு போன் போடு. உன்னிடம் அல்ல, முதலில் கவிதாவிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா