ஓடு மாற்றும் முன் பாகம் பேசுங்கள்

விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கிறது காணை. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் நெல், கரும்பு, உளுந்து, மணிலா. மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் சில நாட்டு ஓட்டு வீடுகளைப் பார்க்கலாம். வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். நெல் மூட்டை அடுக்கவும், உளுந்து காய வைக்கவும், விதை மணிலாவை ஈரம் படாமல் காக்கவும் ஏற்ற வீடுகள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மண் சுவர் ஊறிவிடும். உடனே செப்பனிட வேண்டும். பொது வீட்டில் சண்டை தொடங்குவதும் அப்போதுதான்.

ஊரிலேயே இருந்து பயிர் செய்யும் அண்ணன், "ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடலாம்" என்பார். சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, "என் பாகத்தைத் தொடாதே" என்பார். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கையை யாரும் கேட்பதே இல்லை. கடைசியில் ஒரு அறை பூட்டியே கிடக்கும். அதன் மேல் ஓடு சரிந்து, ஒழுகும் தண்ணீர் அடுத்த அறைச் சுவரையும் கரைக்கும்.

தங்கையைக் கேட்காமல் விடுவது சட்டப்படியும் தவறு. இந்து குடும்பங்களில், 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது தமிழ்நாடு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம் மணமான மகளுக்கும் அதைக் கொடுத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்த சொத்து இதில் சேராது. ஆண்கள் பிரித்தால்தான் பெண்கள் குடியிருக்கும் வீட்டில் பாகம் கேட்கலாம் என்றிருந்த பழைய 23ஆம் பிரிவும் 2005இல் நீக்கப்பட்டது.

பாகம் பிரியாத வீட்டில் ஒருவர் மட்டும் கைக்காசு போட்டால், பிரிவினையின்போது அது முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே கொத்தனாரை அழைக்கும் முன் எல்லாப் பங்குதாரர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது, பாதை யாருக்கு, கிணறும் முற்றமும் பொதுவா, செலவு எவ்வளவு, அதை எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டைப் பிரிக்கப் பதிவில்லாத கூர்சீட்டை மட்டும் நம்பக் கூடாது.

பேச்சு முறிந்தாலும் உடனே வழக்குக்குப் போக வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கே சம்மதித்து முடித்ததற்கு அப்பீல் கிடையாது.

வரப்புத் தகராறு முடியும் வரை பயிர் காத்திருக்காது. மண் சுவரும் அப்படித்தான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் பேசி முடியுங்கள்.