மறுகால் பாயும் கணக்கு

கணக்கு என்றதும் வரவும் செலவுமே நம் நினைவுக்கு வருகின்றன. பொருநை ஆற்றுப் படுகையிலோ ஆண்டுதோறும் தைப் பிறப்பையொட்டி வேறொரு கணக்கு எடுக்கப்படுகிறது. அது குளத்துப் பறவைகளின் கணக்கு. ஒரு காசும் வரவில்லாத இப்பணிக்காக ஆசிரியர், மாணவர், வணிகர் எனப் பலர் காலை வெயில் ஏறுமுன் குளக்கரையில் நிற்கின்றனர். நானும் சில ஆண்டுகள் அவர்களோடு நடந்திருக்கிறேன்.

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இல் தொடங்கியது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், நெல்லை இயற்கைச் சங்கம், தூத்துக்குடியின் முத்துநகர் இயற்கை அறக்கட்டளை முதலிய அமைப்புகள் இதில் கைகோத்தன. ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு ஒத்துச் செல்லும் முயற்சி இது.

ஒவ்வோர் அமைப்பும் தனக்குத் தெரிந்த குளத்தைத் தானே எண்ணிக் கொண்டால் போதாதோ? போதாது. பறவைக்கு ஊர் எல்லை கிடையாது. இங்கே கலைந்த கிளுவைக் கூட்டம் அடுத்த குளத்தில் இறங்கினால் இருமுறை எண்ணப்படும். இவ்வாண்டு நாமக்கோழிகள் குறைந்தன என்றால், அவை அழிந்தனவா, பக்கத்துக் குளத்திற்குப் பெயர்ந்தனவா? விடை பக்கத்து ஊர்க்காரரின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆகவே குளங்களைப் பிரித்துக்கொண்டு, ஒரே நாட்களில், ஒரே வகைப் படிவத்தில் எழுதுவது இன்றியமையாததாகிறது.

இதன் பயன் சிறிதன்று. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்தது. ஓர் ஈரநிலம் அப்பட்டியலுக்குத் தகுதி பெறும் வழிகளுள் இரண்டு எண்ணிக்கையைச் சார்ந்தவை: முறையாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்குதல், அல்லது ஓர் இனத்தின் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கையாவது தாங்குதல். பல்லாண்டுக் கணக்கு இல்லாத குளம் தன் பெருமையை எவ்வாறு மெய்ப்பிக்கும்? 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் நம் மாவட்டங்களின் குளக்கரைகள் பல உடைந்தன. எவற்றை இழந்தோம் என்று கேட்கவும் முந்தைய கணக்கு கையில் இருந்தாக வேண்டும்.

ஒருமுறை நாங்கள் எண்ணி முடித்துப் புறப்படுகையில், வயலுக்குச் சென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். "வருசா வருசம் எழுதிட்டுப் போறீங்க தம்பி, எங்களுக்கு ஒரு தடவையாவது படிச்சுக் காட்டினீங்களா?" என்றார். அக்குளத்தில் நீர் நிற்பதும், மரத்துக் கூடுகள் கலையாதிருப்பதும் அவ்வூராரின் பொறுமையால் அன்றோ? அவர்களிடமிருந்து பெற்றதை அவர்களுக்கே சொல்லாத பகிர்வு, பாதிப் பகிர்வே.

நம் படுகையின் குளங்கள் சங்கிலித் தொடராய் அமைந்தவை. மேற்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளம் நனையும். மடையை அடைத்து நீர் முழுவதும் தனக்கே என்று தேக்குபவன், ஒரு பெருமழையில் தன் கரையையே இழப்பான். அறிவும் அப்படித்தான். சங்கம் சங்கத்திற்கும், சங்கங்கள் ஊருக்கும் கணக்கைத் திறந்துவிட வேண்டும்.

எனினும் மறுகாலுக்கும் ஓர் அளவு உண்டு. வேட்டையாடுவோர்க்கு வழிகாட்டும் வண்ணம் அரிய பறவையின் கூட்டிடத்தைப் பறைசாற்றுதல் தகாது. எண்ணியவர் பெயரை மறைத்துத் தொகுத்தவரே புகழ் கொள்வதும் அறமன்று. இவ்விரண்டையும் காத்துக்கொண்டால், மற்றவை தடையின்றிப் பாயலாம்.

அன்பர்களே, உங்கள் ஊர்க் குளத்திலும் இவ்வாண்டு பறவைகள் இறங்கும். அவற்றை எண்ணுங்கள். எண்ணியதை அடுத்த ஊருக்குச் சொல்லுங்கள். அதற்கு முன், குளத்துநீர் பாயும் வயலில் நிற்பவரிடம் சொல்லுங்கள்.